ராஜாவின் தூக்கத்தைத் திருடியவன்

“அவனைத் தூக்கில் போடு,” என்றார் ராஜா பொம்முலிங்கர்.

“யாரை மகாராஜா?” என்றான் சடையாண்டி.

“என் தூக்கத்தைத் திருடியவனை. நாளைக் காலை சபை கூடும்போது அவன் தூக்கில் இருக்கணும். இல்லையென்றால் நீ இருப்பாய்.”

ராஜாவுக்கு ஆடி மாசத்திலிருந்து சரியான தூக்கம் இல்லை. கண் இரண்டும் மிளகாய்ப்பழம். தூங்காத மனுஷன் பக்கத்தில் நிற்கவே முடியாது, அதிலும் அவன் ராஜாவாக இருந்தால் ஊருக்கே ஆபத்து.

சபை நடுவில் இருளப்பன் நின்றிருந்தான். அரண்மனைக்கு மெத்தை தைக்கிறவன். அவனைக் கொண்டுவந்து நிறுத்தியது ராஜாவின் முதல் மந்திரி, பிரதானி அனந்தப்பர்.

“இந்தப் பயல்தான் மகாராஜா. பஞ்சுக்குள் செய்வினை வைத்துத் தைத்திருக்கிறான்.”

“பஞ்சுக்குள்ள பஞ்சுதான் சாமி வச்சேன்,” என்றான் இருளப்பன். யாரும் காதில் வாங்கவில்லை.

சடையாண்டி அந்தச் சபையின் விகடன். வாயை வைத்துப் பிழைக்கிறவன். தூக்கில் போடுகிற வேலையை அவனிடம் தள்ளிவிட்டதும் அனந்தப்பர்தான். போட்டால் ஊர் சடையாண்டியைக் காறித் துப்பும். போடாவிட்டால் அவன் கழுத்து போகும். இரண்டில் எது நடந்தாலும் பிரதானிக்குச் சந்தோஷம்.

சடையாண்டி ராஜாவைப் பார்த்தான். விரல் நடுங்குகிறது. கால் தானாக ஆடுகிறது. ஒரு பேச்சை முடிக்கும் முன்னே அடுத்த பேச்சுக்குத் தாவுகிறார். நடுவில் எழுந்து கொல்லைப்பக்கம் வேறு போய்வருகிறார். வந்து உட்கார்ந்ததும் சேவகன் வெள்ளி டம்ளரை நீட்டினான். ஆவி பறக்கும் காப்பி. ராஜா ஒரே இழுப்பில் குடித்துவிட்டு, “நெஞ்சு மேளம் அடிக்குது. எல்லாம் இந்த மெத்தையால்,” என்றார்.

வெளியே வந்ததும் சடையாண்டி இருளப்பனிடம் கேட்டான். “அண்ணே, அந்த மெத்தையை எப்போ தைச்சீங்க?”

“போன மாசியில தம்பி. அதுல படுத்து ராஜா குறட்டை விட்டது கோயில் வரைக்கும் கேட்டுதே.”

“ஆடியில என்ன வந்துச்சு?”

“பிரதானி துறைமுகம் போய்ட்டு வந்தார். ஒரு மூட்டை காப்பிக்கொட்டை காணிக்கை வச்சார். அன்னையிலருந்து ராஜாவுக்கு விளக்கு வச்ச பிறகும் காப்பி.” இருளப்பன் கழுத்தைத் தடவிக்கொண்டான். “என்னை நிஜமா போட்டுருவியா தம்பி?”

“உங்களை எதுக்குப் போடறேன். நீங்க திருடலையே.”

மறுநாள் காலை சபை கூடியது. சடையாண்டி கையில் ஒரு பித்தளைத் தூக்கு. பால் வாங்கப் போவோமே, கைப்பிடியும் மூடியும் வைத்த பாத்திரம், அதேதான்.

“திருடனைத் தூக்கில் போட்டாயா?” என்றார் ராஜா.

“போட்டேன் மகாராஜா. மூடியும் போட்டுவிட்டேன்.”

திறந்து பார்த்தார். காப்பி.

“என்னடா விளையாட்டு? இது எப்படித் திருடும்? குடித்தால் தெம்பாக இருக்கிறது.”

“கொஞ்சம் பொறுங்கள். பிரதானி வரட்டும்,” என்று சொல்லிவிட்டு, சடையாண்டி நேராகப் போய் அனந்தப்பரின் ஆசனத்தில் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டான்.

அனந்தப்பர் வந்தார். பார்த்தார். நின்றார்.

“ஏன் நிற்கிறீர்?” என்றார் ராஜா.

“என் இடத்தில் இவன் உட்கார்ந்திருக்கிறானே.”

“பிரதானி வந்துவிட்டாரா இல்லையா மகாராஜா?” என்றான் சடையாண்டி.

“கண் முன்னே நிற்கிறார். வந்துவிட்டார்.”

“வந்தும் உட்கார முடியவில்லை. உங்கள் தூக்கமும் அப்படித்தான். பகல் முழுக்க உழைக்க உழைக்க அசதி சேருகிறது. அது மூளைக்குள் தன் இடத்தில் போய் உட்கார்ந்தால்தான் கண் சொருகும். காப்பி முந்திக்கொண்டு அந்த இடத்தில் உட்கார்ந்துவிடுகிறது. அசதி போகவில்லை, வாசலில் நிற்கிறது. அது உள்ளே வராததைத்தான் தெம்பு என்று நினைக்கிறீர்கள். சாயங்காலம் குடித்ததில் பாதி நடுச்சாமத்திலும் உள்ளேதான் இருக்கும்.”

கதைக்காகச் சொன்னது இல்லை இது. நம்ம மூளையிலும் நிஜமாகவே இதுதான் நடக்கிறது.

“நீ எழுந்தால்?” என்றார் ராஜா.

சடையாண்டி சட்டென்று எழுந்தான். நின்று நின்று கால் கடுத்துப்போன அனந்தப்பர் தொப்பென்று விழுந்தார். ஆசனம் கிரீச்சிட்டது.

“இப்படித்தான். காத்திருந்த அசதி எல்லாம் மொத்தமாக வந்து விழும்.”

ராஜாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். “இன்று எனக்குக் காப்பி கிடையாது. ராத்திரி நான் தூங்காவிட்டால் நீ, இருளப்பன் இரண்டு பேருமே தூக்கில். பித்தளைத் தூக்கு இல்லை, கயிறு. போ. அந்தத் திருடனைக் கொண்டுபோய் ஆற்றில் கொட்டு.”

மறுநாள் வெயில் ஏறியும் ராஜா சபைக்கு வரவில்லை. இருளப்பன் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். அனந்தப்பர் சடையாண்டியின் கழுத்தையே பார்த்தார். கடைசியில் ராஜா வந்தார். கன்னத்தில் மெத்தையின் தையல் தடம் பதிந்திருந்தது.

“தலை இடிக்கிறது சடையாண்டி.”

“திடீரென்று விட்டால் இடிக்கும் மகாராஜா. போகப் போகச் சரியாகிவிடும்.”

“ஆனால் தூங்கினேன். அப்படி ஒரு தூக்கம்.” ராஜா தன் சால்வையைக் கழற்றி இருளப்பனுக்குப் போர்த்தினார். அது நழுவியதுகூடத் தெரியாமல் இருளப்பன் அழுதான். அனந்தப்பருக்கு வேறு உத்தரவு: மெத்தைக்குப் பஞ்சு அடிக்க ஆள் வேண்டுமாம், இருளப்பன் சொல்கிறபடி செய்யணுமாம்.

அப்புறம் ராஜா சடையாண்டியின் மீசையை உற்றுப் பார்த்தார். ஓரத்தில் நுரை.

“நேற்றுத் திருடனை என்ன செய்தாய்?”

“ஆற்றினேன்.”

“கொட்டினாயா?”

“வாயில். இருளப்பண்ணனுக்கும் அரை டம்ளர். காலையில் குடித்தோம், ராத்திரி சுகமாகத் தூங்கினோம். காலையில் அவன் திருடன் இல்லை மகாராஜா, விருந்தாளி. இன்றைக்கும் வந்துவிட்டுப் போனான்.”

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “எனக்கும் ஒரு டம்ளர் கொண்டா. காலையில் மட்டும். ஆனால் நான் ஆற்றில் கொட்டத்தான் சொன்னேன், அது ஞாபகம் இருக்கட்டும்.”

அந்த ஆற்றுப் பக்கம் சடையாண்டி இன்றுவரை போகவே இல்லை.