வியாழக்கிழமை வந்த கடிதம்

லபீப் ஃபஹ்மி பதினொரு ஆண்டுகள் இங்கிலாந்தில் கால்பந்து ஆடினான். அந்தக் காலத்தில் எகிப்திலிருந்து அங்கே போய் ஆடியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஓயாமல் மழை பெய்யும் ஒரு பஞ்சாலை ஊர். சனிக்கிழமைதோறும் ஆயிரக்கணக்கானோர் அவன் பெயரைத் தப்பும் தவறுமாகச் சொல்லிக் கூச்சல் போட்டார்கள். முழங்கால் போனதும் குழு கைகுலுக்கி அவனை அனுப்பிவைத்தது.

சொந்த ஊரான அலெக்சாந்திரியாவில் வந்து இறங்கினான். தெருக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். உள்ளூர்க் குழுவுக்குப் பயிற்சி கொடுக்கிறேன் என்று கேட்டுப் போனான்.

"ஆங்கிலேயர்கள் இங்கே எங்களைச் சுட்டுக்கொண்டிருந்தபோது, நீ அவர்களுக்காக கோல் போட்டுக்கொண்டிருந்தாய்" என்றார்கள்.

பெற்ற தாய் கதவே திறக்கவில்லை.

போக்கிடமில்லாமல் அந்த ஊர் சூஃபி குரு ஷேக் உம்ரானிடம் வந்து சேர்ந்தான். மற்ற சீடர்களோடு சேர்ந்து தரையைப் பெருக்கினான், தண்ணீர் சுமந்தான். ஐந்தாவது மாதம், ஒரு நாள் மாலைத் தொழுகை முடிந்ததும் அவனுக்குப் பொறுக்கவில்லை.

"ஷேக், பந்து விளையாடுவது பாவமா?"

"இல்லை."

"பிறகு எதற்கு எனக்கு இந்தத் தண்டனை? ஊர்வலத்தில் போன தம்பி ஸக்கியை ஆங்கிலேயச் சிப்பாய் சுட்டான். நானா சுட்டேன்? அவன் இறந்த செய்தியே எனக்குப் பல மாதம் கழித்துத்தான் தெரியும். அம்மாவிடம் கதவுக்கு வெளியே நின்று சொன்னேன். நம்பவில்லை. நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் நம்புவாள்."

ஷேக் அவன் முகத்தைப் பார்த்தார்.

"உன் அம்மாவுக்கு எழுதத் தெரியாது, லபீப். ஸக்கியைக் குளிப்பாட்டி அடக்கம் செய்த கையோடு, அவளுக்காக உனக்குக் கடிதம் எழுதியவன் நான். எப்போது உன் கைக்கு வந்தது?"

லபீப் தலையைக் குனிந்துகொண்டான்.

"மூன்றே வாரத்தில். ஒரு வியாழக்கிழமை."

"பிறகு?"

"சனிக்கிழமை ஆட்டம் இருந்தது."

"ஆடினாயா?"

"ஆடினேன். ஆடாமல் இருந்தால் மட்டும் அவன் எழுந்து வந்திருப்பானா?"

"வந்திருக்க மாட்டான். கோல் போட்டாயா?"

"ஒன்று."

"போட்டதும்?"

"ஜனங்கள் எழுந்து நின்று கத்தினார்கள்."

"நீ?"

அந்த மைதானம் லபீபின் கண்முன் வந்தது. இரண்டு கைகளையும் உயரத் தூக்கிக்கொண்டு ஓடினான். சிரித்தான். வாய் வலிக்கச் சிரித்தான். அந்த ஒரு நிமிஷம் அவனுக்குத் தம்பி என்று ஒருவன் பிறக்கவே இல்லை.

"சிரித்தேன்" என்றான். "இதை யாரிடமும் சொன்னதில்லை."

"அம்மாவிடம் போய்ச் சொல்."

"சொன்னால் மன்னிப்பாளா?"

"மாட்டாள்."

"கதவையாவது திறப்பாளா?"

"திறப்பாள். உன்னை ஓங்கி அறைவதற்குத் திறப்பாள். பிறகு சாத்திக்கொள்வாள்."

"அப்புறம் எதற்கு நான் போகவேண்டும்?"

"அவளுக்கு இரண்டு பிள்ளைகள். ஒருவன் எப்படிப் போனான் என்ற முழு உண்மையையும் அந்தக் கடிதத்தில் எழுதி, அவளுக்குப் படித்துக் காட்டிவிட்டேன்" என்றார் ஷேக். "இன்னொருவன் எப்படிப் போனான் என்று அவளுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை."