சாளரத்துப் பூக்களுக்கு அப்பால்

சின்னவர்களே, பெரியவர்களே, கேளுங்கள். மலைகளுக்கு நடுவே மாங்குன்றம் என்றொரு நாடு இருந்தது. அதை ஆண்ட கொற்றவேளுக்குப் பூ என்றால் உயிர். அவன் கொலுமண்டபத்துச் சாளரத்தை மறைத்துப் பூந்தொட்டிகள் நிறைந்திருக்கும்.

ஆண்டுதோறும் அறுவடைத் திருநாளுக்கு முன், அந்தச் சாளரத்தில் தெரியும் காட்சியை எதிர்ச்சுவரில் புதிதாகத் தீட்டுவது வழக்கம். நன்றாகத் தீட்டியவர் அரண்மனை ஓவியர் ஆவார். அரசன் முகம் சுளித்தால் தூரிகையை ஒடித்துவிடுவார்கள். பிறகு அவர் அந்த நாட்டில் எங்கும் படம் எழுதக் கூடாது.

அந்த ஆண்டு மூன்று பேர் வந்தார்கள். போன ஆண்டுப் படத்துக்குப் பக்கத்தில் ஆளுக்கொரு பகுதிச் சுவர் கொடுத்தார்கள். மூத்தவரான நாகன் சாளரப் பக்கம் திரும்பவே இல்லை. போன ஆண்டுப் படத்தைப் பார்த்தே பச்சை வயலைத் தீட்டினார். இரண்டாமவரான பூதன் பூக்களை மட்டும் இதழ் இதழாகப் பார்த்துத் தீட்டினார். மிச்சத்துக்குப் போன ஆண்டுப் படம் இருந்தது.

மூன்றாவதாக வந்தவள் மருதி. நாலு பேர் முன் பேசக் கூசுவாள். கை மட்டும் கூசாது. அவள் தொட்டிகளை மெல்ல விலக்கி வெளியே பார்த்தாள். வயல் வெடித்துக் கிடந்தது. அதற்குப் போகும் வாய்க்காலை அடைத்து, தண்ணீரையெல்லாம் அரண்மனைப் பூந்தோட்டத்துக்குத் திருப்பியிருந்தார்கள்.

கண்டதை அப்படியே தீட்டினாள். முன்னால் ஈரம் சொட்டும் பூக்கள், பின்னால் காவி நிறத்தில் வயல்.

"என்னம்மா, பச்சை தீர்ந்துவிட்டதா? கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனே" என்றார் நாகன். சபை சிரித்தது.

வயலைப் பச்சையாக்கச் சொன்னான் அரசன். மருதி தலைகுனிந்து நின்றாள். மறுபடியும் சொன்னான். அசையாமல் நின்றாள். மூன்றாம் முறை சொன்னதும் காவலன் அவள் தூரிகையைப் பிடுங்கினான். அப்போதுதான் அவள் நிமிர்ந்தாள்.

"ஒடிக்கச் சொல்லுங்கள், அரசே. பூவுக்குத் தண்ணீர் வந்தது, பூத்தது. வயலுக்கு வரவில்லை, காய்ந்தது. நான் பச்சை பூசினால் சுவர்தான் பச்சையாகும்."

அரசன் எழுந்தான். தொட்டிகளைத் தன் கையாலேயே ஒவ்வொன்றாக இறக்கி வைத்தான். வெகுநேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இந்தச் சுவரில் இருப்பது எந்த ஆண்டு வயல்?" என்று கேட்டான். நாகன் பூதனைப் பார்த்தார். பூதன் தரையைப் பார்த்தார்.

அன்றே வாய்க்கால் திறந்தது, வயலில் மறுபடி விதைத்தார்கள். மருதி அரண்மனை ஓவியர் ஆனாள். அந்தக் கோடையில் பூந்தோட்டம் வாடியது, ஊர் உண்டது.

கண்ணுக்கு இனியதைக் காட்டுபவரைவிட, உள்ளதை உள்ளபடி காட்டுபவரே நாட்டுக்கு நல்லவர்.