எருமையும் வாசலும்

"டீச்சர், சென்னைக் கண்காட்சியில போய் நிக்கிற அளவுக்கு நான் தேறிட்டேனா?"

சுடலைமுத்து மாதம் தவறாமல் இதைக் கேட்பார். ரோஸ்லின் டீச்சரும் மாதம் தவறாமல் ஒரே பதில்தான் சொல்வார்.

"எருமை முடியட்டும் அண்ணாச்சி."

சீடருக்கு வயது ஐம்பத்திரண்டு. துறைமுகத்தில் வெல்டராக இருந்தவர். குருவுக்கு முப்பத்தெட்டு. தூத்துக்குடியில் சொந்தமாகச் சிற்பப் பட்டறை வைத்திருந்தார்.

எட்டு மாதத்தில் எருமை முடிந்தது. அடேயப்பா, என்ன எருமை! ஒரு கொம்பு நுனியிலிருந்து மறு கொம்பு நுனிவரை ஒரே இரும்புக் கம்பி, ஒட்டே கிடையாது. அந்த வளைவைப் பார்த்து டீச்சரே கைகூப்பிவிட்டார். படம் எடுத்து அனுப்பினார்கள். கண்காட்சிக்காரர்கள் உடனே சரி என்றார்கள். வண்டியும் வந்து நின்றது.

எருமை வாசலைத் தாண்டவில்லை.

மனுஷன் கொம்பை அளந்தார், வாலை அளந்தார், கண்ணுக்கும் கண்ணுக்கும் நடுவே அளந்தார். வாசலை அளக்கவில்லை! திருப்பினால் கொம்பு இடித்தது. சாய்த்தால் வயிறு இடித்தது.

"நாலு மணிக்குக் கிளம்பணும்," என்றார் டிரைவர். "இல்லேன்னா உங்க இடம் வேற ஆளுக்குப் போயிரும்."

சுடலைமுத்துக்கு வேர்த்துக் கொட்டியது. கட்டிங் மெஷினைத் தூக்கினார்.

"கொம்பை அறுத்துருதேன் டீச்சர். அங்க போய் ஒட்டிக்கிடலாம். ஒட்டு யாருக்கும் தெரியாது."

"உங்களுக்கு?"

சுடலைமுத்து கொம்பின் வளைவை ஒருமுறை தடவிப் பார்த்தார். மெஷினைக் கீழே வைத்தார்.

"எனக்குத் தெரியும்."

வெளியே போய் டிரைவரிடம், "நீங்க கிளம்புங்க தம்பி," என்றார்.

பின்னால் டங்கென்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தார். டீச்சர் கடப்பாரையால் தன் பட்டறைச் சுவரை இடித்துக்கொண்டிருந்தார்.

மூன்றரைக்கு எருமை வண்டி ஏறியது.

"எட்டு மாசமாப் பாத்துக்கிட்டுதான இருந்தீங்க? வாசல் பத்தாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

டீச்சர் தலையிலிருந்த செங்கல் தூளைத் தட்டினார்.

"சொல்லியிருந்தா எருமையைச் சின்னதாக்கியிருப்பீங்க."

மறுநாள் காலை சுடலைமுத்து செங்கல்லும் சிமெண்டுமாக வந்து இறங்கினார். இடிந்த இடத்தில் நின்று கேட்டார்.

"வாசலை எத்தனை அடி வைக்கட்டும் டீச்சர்?"

"அடுத்து என்ன செய்யப் போறீங்க அண்ணாச்சி?"