கறை படாத கோட்டு

திருப்பூர்ப் பக்கம் ஒரு சாய ஆராய்ச்சிக்கூடம். அங்கே இயக்குநர் தயாபரன் வைத்ததுதான் சட்டம். விஞ்ஞானிகள் பத்துப் பேரும் லேபில் போட்டுக்கொள்ளப் புது வெள்ளைக் கோட்டு கேட்டதும் மனுஷர் ஒரே போடாகப் போட்டார்.

"பழைய கோட்டைப் பாருங்க, நீலமும் சிவப்புமா! ஆறு வருஷம் ஆனாலும் பொட்டுக் கறை படாத கோட்டைக் காட்டுங்க, வாங்கலாம். இல்லேன்னா இதையே கட்டிக்கிட்டு அழுங்க."

கோட்டுகளைத் துவைக்கிற மயிலாத்தாள், "இருக்குதுங்க சார், கொண்டாறனுங்க" என்று போய் ஒரு கோட்டோடு வந்தாள். வெள்ளை வெளேரென்று இருந்தது.

"இதுக்கா ஆறு வருஷம் ஆச்சு?"

"ஆமாங்க. நம்ம கூடத்துக் கோட்டுதானுங்க."

"பார்த்தீங்களா! வேலை தெரிஞ்சவன் கோட்டு இப்படித்தான் இருக்கும்" என்று பத்துப் பேரையும் முறைத்தபடி இயக்குநர் அதைப் போட்டுப் பார்த்தார். அளவு கச்சிதம். பைக்குள் கையை விட்டார், நுழையவில்லை. பை வாயை மூடிக் கடையில் போட்ட தையலை யாரும் இன்னும் பிரிக்கவே இல்லை.

"யாரோடது இது?"

"துவைக்கிறப்ப மாறக்கூடாதுன்னு காலருக்குள்ள பேர் எழுதியிருக்கறனுங்க."

கழற்றிப் பார்த்தார். அவர் பேர்தான்.

"உங்க ரூம் கதவுக்குப் பின்னாடி தொங்குச்சுங்க. லேப் பக்கமே வராம இருந்தா எந்தக் கோட்டும் இப்படித்தானுங்க இருக்கும்."

பத்துப் புதுக் கோட்டுக்கும் அங்கேயே கையெழுத்தானது. "எனக்கும் ஒண்ணு சேர்த்துக்கோ" என்றார் இயக்குநர்.

மயிலாத்தாள் அந்தக் கோட்டை வாங்கி, பைத் தையலைக் கத்தரிக்கோலால் பிரித்து, அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"உங்களுக்கு எதுக்குங்க? இதுவே புதுசுதானுங்களே."