தூதர் கேட்ட கையிருப்பு

மேட்டூர்பட்டி ராஜ்ஜியத்தின் கஜானா அதிகாரி சேந்தராயர். "சுத்தியல் தட்டுகிறவர்களுக்கு அரண்மனையில் என்ன வேலை?" என்று கொல்லர், தச்சர் எல்லோரையும் விரட்டிவிட்ட மகா புத்திசாலி!

ஒருநாள் கடல் கடந்து ஒரு தூதர் வந்தார். "உங்கள் நாட்டின் கையிருப்பைக் காட்டுங்கள். பிடித்தால் எங்கள் கப்பல்கள் வரும்" என்றார். ராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை, ஊரே திரண்டுவிட்டது! கஜானாப் பூட்டுதான் திறக்கவில்லை. யானை முட்டியது, யானைக்குத்தான் தலைவலி.

விரட்டப்பட்ட பூட்டுக்காரி வேலம்மையை இழுத்து வந்தார்கள்.

"ஒரு நாழிகைக்குள் திற. கதவில் கீறல் விழுந்தால் உன் தலை விழும்!" என்று உறுமினார் சேந்தராயர்.

"தலை இருக்கட்டும் ஐயா, கொஞ்சம் எண்ணெய் கொடுங்கள்" என்றாள். இரண்டு சொட்டு விட்டாள், காதை வைத்துக் கேட்டாள், கம்பியால் ஒரு திருப்பு. திறந்துகொண்டது!

உள்ளே ஒரு வௌவால் தொங்கியது. வேறொன்றும் இல்லை.

"கையிருப்பு எங்கே?" என்றார் தூதர். ராஜா சேந்தராயரைப் பார்த்தார். அவர் கூரையைப் பார்த்தார்.

வேலம்மை எண்ணெய்க் கைகளை உயர்த்தினாள். "இதோ இருக்கிறதே, சாமி! யானைக்கும் அசையாத பூட்டைச் செய்த கை இது. இப்படி ஆயிரம் கைகள் வீட்டில் சும்மா கிடக்கின்றன. பட்டறை நெருப்பு அணைந்தது, கஜானா காலி. வேலை கொடுங்கள், தானே நிரம்பும்!"

தூதர் குலுங்கிச் சிரித்தார். "கப்பல் வரும்!" என்றார்.

மறுநாளே பட்டறைகளில் நெருப்பு மூண்டது. வேலம்மைக்குத் துருத்தி ஊதுவது யார் தெரியுமா? சேந்தராயர்தான். "கையெல்லாம் காய்த்துப்போச்சே" என்று அவர் புலம்பினால், "கையிருப்பு ஏறுகிறது, ஊதுங்கள் ஐயா!" என்பாள் அவள்.