தங்கைக்கு ஓர் அறை

“பட்ஜெட் உதைக்குதுங்கம்மா” என்றார் சென்னியப்பன்.

காலில் விழுந்து எழுந்தவர், நெற்றியில் திருநீறு கூட இன்னும் பூசிக்கொள்ளவில்லை. அதற்குள் வந்த பேச்சு இது.

“என்ன பட்ஜெட்?” என்று கேட்டார் அம்மையார்.

“ஊட்ட ஒட்டுனாப்பல ஒரு ரூம் எடுக்கறனுங்க. எப்படிக் குறைச்சாலும் ஒன்றரை லட்சம் இடிக்குது. இன்னும் எதைக் குறைக்கறதுன்னு நீங்கதான் சொல்லணும்.”

ஓர் அறை கட்டுவதற்கு ஞானியிடம் எதற்கு வர வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். இன்ஜினியரிடமும் கொத்தனாரிடமும் கேட்டு முடித்துவிட்டுத்தான் வந்திருந்தார். அவர்கள் இரண்டு பேரும் இன்னும் பணம் வேண்டும் என்றார்கள். வேண்டாம் என்று சொல்லக்கூடிய ஆளைத் தேடி இங்கே வந்திருந்தார்.

தாராபுரத்திலிருந்து பழனிக்குப் போகிற பாதையில் இருந்தது அந்த மடம். நடந்து போகிற பக்தர்கள் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு எழுந்து போவார்கள். அதை நடத்தி வந்த பூங்கோதை அம்மையார் சென்னியப்பனைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சிறியவர். வயதில் சின்னவர் காலில் விழுவது முதுகுக்கும் மனசுக்கும் ஒருசேர நல்லது என்று சென்னியப்பன் சொல்லிக்கொள்வார். மில்லில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். யார் முன்னாலும் அவ்வளவு சுலபமாக வளைகிற முதுகில்லை அது.

அம்மையார் ஒரு குச்சியை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

“அந்த ரூமை இங்க வரைங்க. உள்ள அளவுலயே.”

மடத்து வாசலில் சென்னியப்பன் அடி அளந்து கோடு கிழித்தார். அகலம் எட்டு, நீளம் பதினொன்று. இன்ஜினியர் ஒன்பது சொன்னதாகவும், மனையடி சாஸ்திரத்தில் ஒன்பது பீடை என்று தான் மறுத்துவிட்டதாகவும் சொன்னார். எட்டு ராஜயோகம். செங்கல்லும் மிச்சம்.

“ராஜயோகம் யாருக்கு?”

“குடியிருக்கறவங்களுக்குங்க.”

“குடியிருக்கப் போறது யாரு?”

“எந் தங்கச்சிங்க. சம்பூரணம்.”

அந்தப் பெயரைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் இறங்கியது.

சம்பூரணத்துக்குப் புருஷன் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. பிள்ளை இல்லை. வெள்ளகோவிலில் ஒரு பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமைத்தே காலம் தள்ளி, ஓய்வும் பெற்றுவிட்டாள். அவள் குடியிருந்த வாடகை வீட்டை இப்போது இடிக்கப் போகிறார்கள். அண்ணனிடம் எதுவும் கேட்காமல், கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் போய் விசாரித்துவிட்டு வந்திருந்தாள். மாதாமாதம் காசு கட்டிவிட்டால் யாருக்கும் பாரமில்லை என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னாளாம்.

அது காதில் விழுந்த நாளிலிருந்து சென்னியப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. கல்லு மாதிரி அண்ணன் ஒருத்தன் இருக்கும்போது தங்கச்சி இல்லத்துக்குப் போவதா? மறுநாளே சுண்ணாம்பைப் போட்டு இடத்தைக் குறித்துவிட்டார்.

அம்மையார் கோட்டைத் தாண்டாமல், வாசல் என்று விட்டிருந்த இடைவெளி வழியாக அறைக்குள் போனார். நடுவில் நின்று சுற்றிலும் பார்த்தார்.

“சன்னல் ஒண்ணுதானா?”

“ரெண்டு போட்டிருந்தனுங்க. ஒண்ணைக் குறைச்சாச்சு.”

“குளிக்க?”

“கொல்லையில இருக்கறதையே பொதுவா வெச்சுக்கலாமுங்க. அதுல ஒரு அம்பதாயிரம் மிச்சம்.”

“தரை?”

“டைல்ஸ் எடுத்தாச்சு. சிமெண்டுப் பால் ஊத்திக்கலாம்.”

“மேலே?”

சென்னியப்பன் தலையைச் சொறிந்தார். அங்கேதான் சிக்கல். தளம் போடாமல் தகர ஷீட்டைப் போட்டால் கணக்கு ஒருவழியாக நேராகிவிடும். ஆனால் பங்குனி சித்திரையில் அதற்குக் கீழே மனுஷர் படுக்க முடியாது. தளமா, ஷீட்டா என்று கேட்கத்தான் வந்ததே.

அம்மையார் மூலையைக் காட்டி, “அடுப்பு எங்கே?” என்றார்.

“அடுப்பு எதுக்குங்கம்மா? எங்க ஊட்டுலயே சாப்பிட்டுக்கட்டும். எந் தங்கச்சிய உக்கார வெச்சுச் சோறு போட எனக்கு வக்கில்லீங்களா?”

சொல்லிவிட்டு நிமிர்ந்து நின்றார். அவர் நின்ற நிற்பைப் பார்த்தால் அறையை ஏற்கெனவே கட்டி முடித்துவிட்டார் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

“தங்கச்சி என்ன சொல்றாங்க?”

நிமிர்ந்தவர் கொஞ்சம் தளர்ந்தார். அதையும் சொன்னார்.

இடம் குறித்த வாரத்தில் சம்பூரணம் வந்து பார்த்தாள். கோட்டுக்குள் நின்று வெகுநேரம் பார்த்தாள். முகம் மலர்ந்துதான் இருந்தது. அப்புறம் மெதுவாக, ஓய்வு பெறும்போது வந்ததும் தான் சேர்த்ததுமாக இரண்டு லட்சம் பேங்கில் இருக்கிறது, அதையும் இதில் போட்டுக்கொள் என்றாள்.

சென்னியப்பன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். காது குத்து, சடங்கு, கல்யாணம், பொங்கல் என்று அவர்கள் பக்கம் எல்லாச் சீரும் அண்ணன் வீட்டிலிருந்துதான் தங்கை வீட்டுக்குப் போகும். எதிர்த் திசையில் தம்பிடி வந்ததாகச் சரித்திரம் கிடையாது. ஊர் என்ன பேசும்?

“‘தங்கச்சி காசுல ரூம் கட்டுனாங்கற பேரு எனக்கு வேண்டாம் அம்மிணி. நீ வந்து இருந்தாப் போதும்’னு சொல்லிப்போட்டனுங்க” என்றார். அன்று சொன்ன அதே பெருமையோடு இன்றும் சொன்னார்.

அப்புறம்?

அப்புறம் அவர் சம்சாரம் காப்பி கொண்டுவந்து வைத்தாள். சம்பூரணம் அதைத் தொடவில்லை. பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று கிளம்பிவிட்டாள். அன்றிலிருந்து எப்போது போன் போட்டாலும், பார்க்கலாம் என்று ஒரே பேச்சுதான். இல்லத்தில் இடம் கொடுத்துவிட்டதாகக் கேள்வி. இந்த மாதக் கடைசியில் போனாலும் போய்விடுவாள்.

“நான் என்ன தப்புப் பண்ணிப்போட்டேன்னே தெரியலீங்கம்மா. அவளுக்கு ஒரு கொறையும் வெக்கக் கூடாதுன்னுதான இத்தன பாடும்.”

அவர் கண் கலங்கியது. அதை மறைக்க அண்ணாந்து வெயிலைப் பார்த்தார்.

அம்மையார் கோட்டுக்குள்ளிருந்து வெளியே வந்தார்.

உள்ளே பந்திக்கு இலை போட ஆரம்பித்துவிட்டார்கள். சென்னியப்பன் முகத்தைத் துடைத்துக்கொண்டு தம் வண்டிக்குப் போனார். எப்போது வந்தாலும் அன்னதானத்துக்கு ஒரு சிப்பம் அரிசி கொண்டுவருவது அவர் வழக்கம். வேறு யாரையும் தொட விடமாட்டார். தாமே தோளில் தூக்கி, சாப்பிட உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் பார்க்கிற மாதிரி நடந்துபோய்ச் சமையல்கட்டில் இறக்குவார். இடுப்பு வலிக்கத்தான் செய்யும். இருந்தாலும் அந்த நடைக்கு ஈடு எதுவும் இல்லை என்பது அவர் எண்ணம்.

அன்றும் தூக்கிக்கொண்டு வந்தார். அம்மையார் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார்.

“அதை வண்டியிலேயே வெச்சிருங்க.”

“உள்ள வெச்சுப்போட்டு வந்தர்றனுங்க.”

“வேண்டாம். திருப்பி எடுத்துட்டுப் போயிருங்க.”

சென்னியப்பன் சிரித்தார். அம்மையார் சிரிக்கவில்லை.

“ஏனுங்கம்மா, அரிசி நல்லதுங்க. பழைய பொன்னி.”

“நல்ல அரிசிதான். சென்னியப்பன் அரிசியில மடம் நடக்குதுங்கற பேரு எங்களுக்கு வேண்டாம். நீங்க வந்து சாப்பிட்டுட்டுப் போனாப் போதும். எலை போட்டாச்சு, உக்காருங்க.”

சாப்பிட உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சென்னியப்பனுக்குக் காது வரை சிவந்துவிட்டது. தோளில் சிப்பம், எதிரே காலியான இலை. எத்தனையோ வருஷமாக வருகிற மனுஷனை நாலு பேர் நடுவில் நிறுத்தி இப்படியா?

“நான் என்னுங்க, இங்க சோத்துக்கா வர்றேன்?” என்றார்.

சத்தம் கொஞ்சம் அதிகமாகவே வந்துவிட்டது.

அம்மையார் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். கோபமும் இல்லை, சமாதானமும் இல்லை அந்தப் பார்வையில்.

சென்னியப்பன் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவர் முகம் மெல்ல மாறியது. சிப்பத்தைத் தோளிலிருந்து இறக்கித் தரையில் வைத்தார். திரும்பி, மண்ணில் தாம் கிழித்திருந்த கோடுகளைப் பார்த்தார்.

அப்புறம் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

“அம்மிணி.”

“சொல்லுண்ணா.”

மில்லில் நூறு பேரை அதட்டி வேலை வாங்கிய குரல் மெல்ல வந்தது.

“ரூமுக்கு... காசு பத்தல அம்மிணி.”

போனை அடுத்த காதுக்கு மாற்றிக்கொண்டார்.

“நீ போடறயா?”

போனை வைத்துவிட்டாளோ என்று சென்னியப்பன் காதிலிருந்து எடுத்துப் பார்த்துக்கொண்டார்.

“சன்னல் எத்தனை வெச்சிருக்கறே?” என்று கேட்டது சம்பூரணத்தின் குரல்.

“ஒண்ணு.”

“ரெண்டு வெய்யி. அகலம்?”

“எட்டு. எட்டு வந்து ராஜயோகம் அம்மிணி.”

“ராஜா வந்தா வெளிய உக்காரட்டும். எங் கட்டிலும் பீரோவும் போட்டா நடக்க எடம் வேண்டாமா? பத்துப் போடு.”

“செரி.”

“அடுப்பு மேடை கெழக்கப் பாத்து. உள்ளயே குளிக்கற ரூமு. அப்பறம் மேல தகரம் கிகரம் போட்டா எனக்கு ஆவாது, சொல்லிப்போட்டேன்.”

“செரி அம்மிணி. செரி.”

ஒவ்வொரு சரிக்கும் அறை பெரிதாகிக்கொண்டே போனது. அவர் முகமும் அப்படித்தான். குரல் உடைந்துவிடக் கூடாதே என்று அதற்குமேல் பேசாமல் போனை வைத்தார்.

அம்மையார் சமையல்கட்டைப் பார்த்துக் கை அசைத்தார். இரண்டு பேர் வந்து சிப்பத்தை உள்ளே தூக்கிப் போனார்கள். அன்று அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சென்னியப்பன் கை கழுவிவிட்டு வந்து பந்தியில் உட்கார்ந்து, மூன்று முறை சாம்பார் வாங்கிச் சாப்பிட்டார்.

ஆனி மாதம் தளம் போட்டார்கள்.

கலவை மெஷின் விடியும்போதே வந்துவிட்டது. கான்கிரீட் போடுகிற அன்று வேலையாட்களுக்குக் கறிச்சோறு போடுவது அந்தப் பக்கத்து மரியாதை. வெளியே அடுப்புக் கல்லைக் கூட்டி, சம்பூரணம் தானே சமைத்தாள். பள்ளிக்கூடம் முழுக்கப் பசியாற்றிய கைக்கு இருபது ஆள் ஒரு பொருட்டா? மசால் வாசம் தெருமுனை வரை போனது. சொந்தபந்தமெல்லாம் வந்திருந்தார்கள். சம்பூரணத்தின் காசு இதில் இருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. சென்னியப்பனே ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். ஊர் பேசத்தான் பேசியது. அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பூசை முடிந்தது. கலவையை அள்ளி முதல் சட்டியை நிரப்பினார்கள். அந்தச் சட்டியை வீட்டுக்குச் சொந்தக்காரர்தான் மேலே கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். தாலி அறுத்தவர்கள் அதன் பக்கமே வருவதில்லை. யாரும் சொல்ல வேண்டியதில்லை, தானாகவே ஒதுங்கிக்கொள்வார்கள். சம்பூரணமும் அடுப்புப் பக்கமே, கரண்டியும் கையுமாக, தள்ளி நின்றாள்.

“ஊட்டுக்காரரு வாங்க, மொதச் சட்டியப் போடுங்க” என்று மேலேயிருந்து கொத்தனார் குரல் கொடுத்தார்.

சென்னியப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். ஏணியில் ஒரு கையை வைத்தார். நின்றார். அப்புறம் ஏணியை விட்டுவிட்டு, சட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு அடுப்பை நோக்கி நடந்தார். கூட்டத்தில் யாரோ, பெரிய மாமாவாக இருக்கலாம், தொண்டையைச் செருமினார்.

“ஏனுங்க, எங்க போறீங்க?” என்றார் கொத்தனார். “ஊட்டுக்காரர்தானுங்க மொதல்ல ஏறணும்.”

சென்னியப்பன் திரும்பிப் பார்த்தார். வாழ்நாளில் அவர் நெஞ்சு அவ்வளவு நிமிர்ந்ததில்லை.

“ஊட்டுக்காரி இங்க நிக்கறா, பாருங்க. நான் பக்கத்து ஊட்டுக்காரனுங்க.”