இருளாயியின் தூண்டில் கம்பு

குரு என்றால் தாடி இருக்கணும், காவி இருக்கணும் என்று யார் சொன்னது? கொம்பையனின் குருவுக்கு அவனைவிட இருபது வயது குறைவு. பெயர் இருளாயி. கண்மாயில் மீன் பிடித்துப் பிழைக்கிறவள். கொம்பையன் அவளிடம் பாடம் கேட்கப் போகவில்லை. அவள் தூண்டிலை உடைக்கத்தான் போனான். உடைக்கிறதுதான் அவன் உத்தியோகமாக இருந்தது.

அந்த ஊர்க் கண்மாய் அரண்மனைக்குச் சொந்தம். உள்ளே இருக்கிற மீனும் அப்படித்தான். ஆனால் அரண்மனைப் பெரிய ஐயா கண்ணை மூடும்போது ஊரார் முன்னால் ஒரு வாக்குக் கொடுத்துவிட்டுப் போனார்: "இப்போ தண்ணியில கிடக்கிற தூண்டில் கிடக்கட்டும். புதுத் தூண்டில்னா என் மகன்கிட்ட உத்தரவு கேட்கணும்."

மகன் சின்ன ஐயா, அப்பன் வாக்கை மீற மாட்டார். மீறினால் குலம் விளங்காது என்று பயம். ஆனால் பழைய கம்பு முறிந்து போனால் வாக்கும் அதோடு போச்சு இல்லையா? காவல்காரன் கொம்பையனைக் கூப்பிட்டுக் காதோடு காதாகச் சொன்னார்.

கொம்பையன் கரைக்குப் போனான். கண்ணில் பட்ட கம்பையெல்லாம் பிடுங்கி முழங்காலில் வைத்து முறித்தான். சிலர் அழுதார்கள், சிலர் மண்ணை வாரித் தூற்றினார்கள். உத்தரவு கேட்டுப் போனவர்களை அரண்மனை வாசலிலேயே விரட்டினார்கள். கடைசியில் எல்லாரும் துண்டுகளை அடுப்பில் வைத்துவிட்டு வேறு பிழைப்புத் தேடிக்கொண்டார்கள்.

இருளாயி மட்டும் தன் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். மறுநாள் காலையில் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். கம்பின் நுனி மட்டும் வேறு மூங்கில். ஒட்டுப் போட்ட இடத்தில் நூல் சுற்றி, அரக்கு பூசியிருந்தாள்.

"என்ன புள்ள இது?" என்றான் கொம்பையன்.

"தூண்டிலுண்ணே. நேத்துப் பாத்தீங்களே, அதான்."

அவனுக்கு வந்ததே கோபம்! வாங்கி மறுபடி முறித்தான். அவள் மறுபடி ஒட்டினாள். அவன் நடுவில் முறித்தான், அவள் நடுவில் வேறு துண்டு வைத்தாள். இப்படியே ஆடி போய் ஆவணி வந்தது. ஊர் முழுக்க இதே பேச்சு. டீக்கடையில் கொம்பையன் தலையைக் கண்டாலே, "என்ன கொம்பையா, இன்னிக்கு உடைச்சாச்சா?" என்று கேட்கிற அளவுக்கு மானம் போயிற்று.

சின்ன ஐயாவின் காதுக்கும் போயிற்று.

"இன்னும் அந்தக் கம்பை உடைக்கலையா நீ?"

"தினமும் உடைக்கிறேங்க."

"வெள்ளிக்கிழமை நானே கண்மாய்க்கு வர்றேன். அந்தக் கம்பு தண்ணியில கிடந்தா உனக்கு வேலையும் இல்ல, வீடும் இல்ல."

வீடு அரண்மனை கொடுத்த வீடு. இந்த வயதில் கொம்பையன் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு எங்கே போவான்? நன்றாக யோசித்தான். நுனி மாறிவிட்டது. நடு மாறிவிட்டது. பழைய கம்பில் மிச்சம் இருப்பது கைப்பிடித் துண்டு ஒன்றுதான். அதையும் முறித்துவிட்டால் தீர்ந்தது கதை. வியாழக்கிழமை மத்தியானம் நேரே அவள் வீட்டுக்கே போனான்.

வாசலில் உட்கார்ந்து புழு பொறுக்கிக்கொண்டிருந்தாள் இருளாயி. அவனைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய்க் கம்பை எடுத்துவந்து நீட்டினாள்.

"இந்தாங்க."

"எதுக்குன்னு கேக்க மாட்டியா?"

"வேற எதுக்கு வந்திருப்பீங்க?"

கைப்பிடியை முழங்காலில் வைத்து அழுத்தினான். கெட்டியான மூங்கில், லேசில் மசியவில்லை. முறிந்தபோது அவன் கையிலும் சிராய் ஏறி ரத்தம் வந்தது. ஜெயித்துவிட்டோம் என்று நிமிர்ந்தான்.

அவள் வீட்டுக்குள் நுழைந்து, நாற்காலி போட்டு ஏறி, கூரையிலிருந்து ஒரு மூங்கிலை உருவினாள். அப்போதுதான் கொம்பையன் மேலே பார்த்தான். கூரையில் அங்கங்கே வானம் தெரிந்தது.

"அடிப்பாவி! வீட்டைப் பிரிச்சா கம்பு செய்யிறே?"

"அரண்மனைத் தோப்பு மூங்கில்ல கை வச்சா அதுக்கும் நீங்கதானே வருவீங்க?"

"மழைக்காலம் வருது புள்ள."

"வரட்டும். மழை வந்தா கண்மாய் நிறையும்."

இப்படி ஒரு பிடிவாதத்தை அவன் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. எரிச்சலாகவும் இருந்தது, ஏனோ பயமாகவும் இருந்தது.

அவள் இரண்டு முனைகளையும் சாய்வாகச் சீவி, ஒன்றன்மேல் ஒன்று படிய வைத்தாள். நூல் கண்டை அவனிடம் நீட்டினாள்.

"இதை விறைப்பாப் புடிங்கண்ணே. எப்பவும் கதவுலதான் கட்டுவேன். கதவுக்கு நிதானம் பத்தல."

போடி என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கை தானாக நீண்டு வாங்கிக்கொண்டது. அவள் கம்பை உருட்டி உருட்டி நூலைச் சுற்றினாள். அவன் பலம் கொண்ட மட்டும் இழுத்துப் பிடித்தான்.

"அவ்வளவு இறுக்காதீங்க. ஒட்டும் கூட வளையணும். கல்லு மாதிரி இறுகிட்டா பக்கத்துல முறிஞ்சிரும்."

தளர்த்தினான். அரக்கு உருகுகிற வாசம் வந்தது. அவனால் அதற்குமேல் அடக்க முடியவில்லை.

"நுனியும் புதுசு, நடுவும் புதுசு, இப்போ அடியும் புதுசு. இதுல பழைய கம்பு எங்கே இருக்கு?"

"அது உங்களுக்குத்தான் தெரியும்."

"எனக்கா? எனக்கு எப்படித் தெரியும்?"

நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் சின்ன ஐயா வில்வண்டியில் வந்து இறங்கினார். பின்னால் கணக்குப்பிள்ளை, அவருக்குப் பின்னால் ஊரே. இருளாயி கரையில் உட்கார்ந்திருந்தாள். தக்கை தண்ணீரில் மிதந்தது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சின்ன ஐயா கம்பை நுனியிலிருந்து அடிவரை பார்த்தார். மூன்று நிற மூங்கில். அவர் முகம் மலர்ந்தது.

"எல்லாரும் பாத்துக்கங்க. இதுல எங்கப்பா காலத்து மூங்கில் ஒரு விரல் அளவு கூட இல்ல. இது புதுத் தூண்டில். நான் உத்தரவு கொடுக்கல. கொம்பையா, தினமும் இதைக் கையில வாங்கிப் பாத்தவன் நீ. நீயே சொல்லு."

ஒரு வார்த்தைதான். 'புதுசு' என்று சொன்னால் போதும். வேலை பிழைக்கும், வீடு பிழைக்கும். கொம்பையன் வாயைத் திறந்தான். உள்ளங்கையில் சிராய் ஏறிய இடம் விண்ணென்று வலித்தது. இருளாயி அவனைப் பார்க்கவில்லை. தக்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கெஞ்சுகிற மாதிரி ஒரு பார்வை பார்த்திருந்தால் 'புதுசு' என்றே சொல்லியிருப்பான்.

"அதே கம்புதாங்க" என்றான்.

"என்னது?"

"ஐயா சொன்னீங்க, 'அந்தக் கம்பை உடை'ன்னு. உடைச்சேன். அப்புறமும் 'அந்தக் கம்பை இன்னும் உடைக்கலையா'ன்னு கேட்டீங்க. மறுபடி உடைச்சேன். ஒரு நாளாவது புதுக் கம்புன்னு சொன்னீங்களா? வேற கம்பா இருந்தா, நான் இத்தனை நாளா எதை உடைச்சுக்கிட்டிருந்தேன்?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். சின்ன ஐயாவின் முகத்தில் ஈயாடவில்லை. அப்பன் வாக்கு, ஊரார் கண் முன்னால்; என்ன செய்ய முடியும்?

"காவல் தலைப்பாகையைக் கழட்டி வச்சிட்டுப் போடா" என்றார். "பொழுது சாயறதுக்குள்ள வீட்டைக் காலி பண்ணு."

கொம்பையன் தலைப்பாகையைக் கழற்றி வண்டியில் வைத்தான். தடியை மட்டும் கொடுக்கவில்லை. அது அவன் அப்பன் வைத்திருந்த மூங்கில் தடி. வண்டி போயிற்று. கூட்டமும் கலைந்தது. கொம்பையன் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"எல்லாம் போச்சு தாயி" என்றான். அவளைத் தாயி என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "நான் இனி என்ன செய்ய?"

இருளாயி அவன் தடியை வாங்கினாள். ஒரு கண்ணை மூடி நேர் பார்த்தாள். வளைத்துப் பார்த்தாள்.

"அடி நல்லா இருக்கு. நுனி மட்டும் போடணும். கூரையில இன்னும் மூங்கில் இருக்கு."

கொம்பையன் திடுக்கிட்டான்.

"நானா? வேண்டாம் தாயி. இது புதுக் கம்பு. பெரிய ஐயா சாகும்போது இது தண்ணியில கிடக்கல. இதுக்கு உத்தரவு இல்ல. நாளைக்கே புதுக் காவக்காரன் வந்து உடைச்சிருவான்."

தக்கை அமிழ்ந்தது. அவள் கம்பைச் சுண்டினாள். மூன்று மூங்கிலும் ஒன்றாக வளைந்தன. கெண்டை ஒன்று துள்ளிக்கொண்டு கரையில் விழுந்தது.

"உடைக்கட்டும்ணே" என்றாள் இருளாயி. "அவன் உடைச்சதும் ஒட்டுவோம். அப்புறம் அதுவும் பழைய கம்புதான்."